ஈரலில் பித்தம் சுரப்பதை எந்த ஓமோன் கட்டுப்படுத்துகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: உயர்தர உயிரியலுக்கு ஒரு ரியூசன் ஆசிரியர் பித்தச் சுரப்பைத் தூண்டுவது கொலிசிஸ்டோகைனின் என்கிறார், இன்னொருவர் செக்கிரெற்றின் என்கிறார், இதில் எது சரி? அதோடு, அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டார்களே, இனி அந்த ஓமோன்களுக்கு அவர் உடம்பில் வேலை இல்லையா?

இருவரில் செக்கிரெற்றின் என்றவர்தான் சரிக்குக் கிட்ட நிற்கிறார். ஆனால் இருவருமே முக்கியமான ஆளை விட்டுவிட்டார்கள். ஈரலைப் பித்தம் சுரக்க வைக்கும் மிகப் பெரிய தூண்டி ஓமோனே அல்ல. குடலிலிருந்து குருதி வழியாக ஈரலுக்குத் திரும்பி வரும் பித்த உப்புத்தான் அது. ஓமோன்கள் வேறு வேறு மூன்று இடங்களில் கை வைக்கின்றன. ஈரற் கலத்துக்குள் எவ்வளவு பித்த உப்பைப் புதிதாக ஆக்குவது என்பது ஓர் இடம். பித்தக்கான்களில் எவ்வளவு நீரும் இருகாபனேற்றும் சேர்ப்பது என்பது இன்னோர் இடம். சேர்த்து வைத்த பித்தத்தை எப்போது முன்சிறுகுடலுக்குள் விடுவது என்பது மூன்றாவது. எந்த ஓமோன் என்று கேட்பதற்கு முன்னால் எந்த இடம் என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் ஈரலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் ஈரல் நாளொன்றுக்கு 600 முதல் 1000 மில்லிலீற்றர் வரை பித்தம் சுரக்கிறது. சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும் இது நிற்பதில்லை, வேகம் மட்டுமே கூடிக் குறையும். அதில் ஏறத்தாழ முக்காற் பங்கு ஈரற் கலங்களுக்கு இடையிலுள்ள நுண்கான்களில் உருவாகிறது. மிச்சக் காற்பங்கு, அந்தப் பித்தம் கான்களின் வழியே போகும்போது கானின் உட்சுவர்க் கலங்கள் சேர்ப்பது.

நுண்கானில் பித்தம் உருவாவது இப்படி. ஈரற் கலம் தன் ஒரு பக்கத்தால் குருதியிலிருந்து பித்த உப்பைச் சோடியத்தோடு சேர்த்து உள்ளே இழுக்கிறது. மறுபக்கத்தில், நுண்கானை நோக்கிய மென்சவ்வில், ஏரிபி சக்தியைச் செலவழிக்கும் பம்பு ஒன்று அதே உப்பை வெளியே தள்ளுகிறது. சின்னஞ்சிறு கானுக்குள் உப்பின் செறிவு ஏறியதும் பிரசாரணத்தால் நீர் பின்னால் வருகிறது. லெசித்தினும் கொலெஸ்திரோலும் அதனோடு சேர்ந்து வந்துவிடுகின்றன. பித்த உப்பைத் தவிர குளுத்தாதயோன், இருகாபனேற்று போன்றவையும் கொஞ்சம் நீரை இழுக்கும். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் வேகத்தை ஏற்றுவது பித்த உப்புத்தான்: பம்பு எவ்வளவு உப்பைத் தள்ளுகிறதோ அவ்வளவு பித்தம் ஓடும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். உடம்பிலுள்ள பித்த உப்பு எல்லாம் சேர்ந்து 2 முதல் 4 கிராம்தான். 3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது ஈரல், பித்தப்பை, சிறுகுடல், மறுபடி ஈரல் என்று ஒரு நாளில் 6 முதல் 10 தடவை வரை சுற்றுகிறது. 8 தடவை என்றால் 24 கிராம் ஈரலூடாகப் போய்விட்டது. ஒவ்வொரு சுற்றிலும் 95 சதவீதத்துக்கு மேல் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு, குடலிலிருந்து ஈரலுக்குக் குருதியைக் கொண்டுபோகும் வாயினாளம் வழியே திரும்பிவிடும். மலத்தோடு போவது நாளுக்கு 0.2 முதல் 0.6 கிராம், ஈரல் புதிதாகச் செய்வதும் அந்த அளவுதான். 24 கிராமுக்கு அரைக் கிராம். இன்று உங்கள் ஈரல் சுரக்கும் பித்த உப்பில் நூற்றுக்கு 98 பங்கு ஏற்கெனவே குடலுக்குப் போய்வந்த பழைய உப்பு.

இதை வைத்துப் பார்த்தால், கொலிசிஸ்டோகைனின் என்று சொன்ன ஆசிரியரையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. அந்த ஓமோன் பித்தப்பையைச் சுருக்கினால் உப்பு குடலுக்குள் இறங்கும். இறங்கியது கடைசிச் சிறுகுடலை அடைந்து ஈரலுக்குத் திரும்பும். திரும்பியது ஈரலின் சுரப்பை ஏற்றும். நேரடித் தூண்டல் இல்லை, சுற்றுவழித் தூண்டல். பல பாடக் குறிப்புகளில் இந்த நடுப்படி காணாமற்போய், தொடக்கமும் முடிவும் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

புதிதாகச் செய்யும் அந்த அரைக் கிராமை யார் தீர்மானிக்கிறார்கள்? பித்த உப்பின் மூலப்பொருள் கொலெஸ்திரோல். அதன் 7ஆம் காபனில் ஐதரொட்சில் ஒன்றைச் சேர்ப்பதே முதற்படி; அதைச் செய்யும் நொதியத்தின் பெயர் சிவைபி7ஏ1. முழுத் தயாரிப்பின் வேகமும் இந்தப் படியிலேயே தங்கியிருக்கிறது. இதை அடக்கி வைக்கும் ஓமோன் ஈரலிலிருந்து வருவதில்லை, சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்து வருகிறது: எஃப்ஜிஎஃப் 19. அங்குள்ள கலங்களுக்குள் பித்த உப்பு நுழையும்போது கலக்கருவில் வேலைசெய்யும் எஃப்எக்ஸ்ஆர் என்னும் வாங்கி அதை உணர்கிறது. (அது பித்த அமிலங்களின், அதாவது இந்தப் பித்த உப்புகளின், வாங்கி என்று 1999இல்தான் தெரியவந்தது, அதனால் பழைய பாடநூல்களில் இந்தப் பகுதியைத் தேடாதீர்கள்.) உணர்ந்ததும் கலம் எஃப்ஜிஎஃப் 19ஐச் செய்து வாயினாளத்துக்குள் விடுகிறது. அது ஈரற் கலத்தின் எஃப்ஜிஎஃப்ஆர் 4 வாங்கியில் ஒட்டி, "வந்த உப்புப் போதும், புதிதாகச் செய்யவேண்டாம்" என்ற செய்தியைச் சேர்க்கிறது. சிவைபி7ஏ1இன் உற்பத்தி இறங்குகிறது. சாப்பாட்டுக்குப் பின் குருதியில் பித்த உப்பு உச்சத்தைத் தொட்டு, ஒன்றரை இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் இந்த ஓமோன் உச்சத்தைத் தொடும். சுண்டெலிகளில் இதன் உறவுக்கார ஓமோன் பித்தப்பையைத் தளர்த்தி மறுபடி நிரம்ப விடுவதாகவும் காட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சங்கிலி அறுந்தால் என்ன நடக்கும் என்பதுதான் நோயாளிக்கு முக்கியம். எஃப்ஜிஎஃப் 19 போதாமல் போனால் ஈரல் தேவைக்கு மிஞ்சிப் பித்த உப்பைச் செய்யும். கடைசிச் சிறுகுடலால் அவ்வளவையும் உறிஞ்ச முடியாது. மிஞ்சியது பெருங்குடலுக்குள் போய் அங்கே நீரைச் சுரக்க வைக்கும். விளைவு, காலையில் அவசர அவசரமாக ஓட வைக்கும் நீர்த்த வயிற்றோட்டம். வருடக்கணக்காகக் குடல் எரிச்சல் நோய் என்ற பெயரில் மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது உண்மையில் இந்தப் பித்த அமில வயிற்றோட்டம். குரோன் என்னும் குடல் அழற்சி நோய்க்காகக் கடைசிச் சிறுகுடலை வெட்டியெடுத்தவர்களில் வெட்டிய நீளத்தைப் பொறுத்துக் கதை மாறும். ஒரு மீற்றருக்குக் குறைவாக வெட்டியிருந்தால் ஈரல் உற்பத்தியைப் பல மடங்கு ஏற்றி இழப்பை ஈடுசெய்துவிடும், ஆனால் நீர்த்த வயிற்றோட்டம் இருக்கும். அதற்கு மேல் வெட்டியிருந்தால் ஈரலால் ஈடுகொடுக்க முடியாது. உடம்பிலுள்ள உப்பின் மொத்தக் கையிருப்பே சுருங்கி, கொழுப்புச் சமிபாடு கெட்டு, மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். முதலாவது வகைக்குப் பித்த உப்பைப் பிடித்து வைக்கும் மருந்து நன்றாக வேலைசெய்யும். இரண்டாவது வகைக்கு அதே மருந்து நிலைமையை இன்னும் மோசமாக்கிவிடும்.

இனிச் செக்கிரெற்றின். 1902 ஜனவரியில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிசும் ஸ்டார்லிங்கும் நாயொன்றின் இடைச்சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு அதனுள் அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லாமல் சதையி சுரந்தது. பிறகு குடலின் உட்சவ்வைச் சுரண்டி அமிலத்தோடு அரைத்து, அந்தச் சாற்றைக் குருதிக்குள் ஏற்றினார்கள், அப்போதும் சுரந்தது. ஓமோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் பயன்படுத்தியது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1905இல். முதன்முதலில் கண்டுபிடித்த ஓமோன் சதையியின் பெயரோடு பதிந்துவிட்டதால், ஈரலில் அதற்குள்ள வேலை பாடங்களில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

செக்கிரெற்றின் 27 அமினோவமிலங்கள் கொண்ட பெப்ரைட்டு. முன்சிறுகுடலின் எஸ் கலங்கள் இதைச் சுரக்கும். தூண்டுவது இரைப்பையிலிருந்து வரும் அமிலம்: முன்சிறுகுடலின் பீஎச் 4.5க்குக் கீழே இறங்கும்போது சுரப்புத் தொடங்குகிறது. குருதியில் கலந்ததும் வாயினாளத்தால் ஈரலைக் கடந்து, இதயத்துக்குப் போய், ஈரல் நாடி வழியாக மறுபடி ஈரலுக்கே வருகிறது. இந்தச் சுற்று தேவைப்படுவதற்குக் காரணம், பித்தக்கான்களைச் சுற்றியுள்ள மயிர்க்குழாய் வலைக்குக் குருதி கொடுப்பது ஈரல் நாடியே என்பதுதான். செக்கிரெற்றினின் வாங்கி ஈரற் கலங்களில் இல்லை. பருமனான கான்களின் உட்சுவர்க் கலங்களில்தான் இருக்கிறது.

அந்தக் கானின் கலமொன்றுக்குள் நடப்பதைப் படிப்படியாகச் சொன்னால் விளங்கும். செக்கிரெற்றின் வாங்கியில் ஒட்டியதும் கலத்துக்குள் செய்தி கடத்தும் வட்ட ஏஎம்பி என்ற மூலக்கூறு ஏறுகிறது. அது கானை நோக்கிய மென்சவ்விலுள்ள சிஎஃப்டிஆர் என்னும் குளோரைட்டு வாயிலைத் திறக்கிறது. குளோரைட்டு கானுக்குள் போகிறது. பக்கத்திலேயே இருக்கும் ஏஈ2 என்ற பரிமாற்றி அந்தக் குளோரைட்டை மறுபடி உள்ளே எடுத்து, அதற்குப் பதிலாக இருகாபனேற்றை வெளியே கொடுக்கிறது. இருகாபனேற்றுச் சேர்ந்ததும் அக்குவாபோரின் துளைகள் வழியே நீர் வருகிறது. மொத்த விளைவு, பித்தம் அளவில் கூடும், நீர்த்துப்போகும், காரத்தன்மை ஏறும். பித்த உப்பின் அளவு கூடாது, செறிவு குறையும். பலமாகத் தூண்டினால் மொத்தப் பித்த ஓட்டம் இரண்டு மடங்கு வரைகூட ஏறலாம். இந்த இருகாபனேற்று, சதையியின் இருகாபனேற்றோடு சேர்ந்து முன்சிறுகுடலின் அமிலத்தைத் தணிக்கும், பீஎச் 4.5ஐத் தாண்டி ஏறியதும் எஸ் கலங்கள் அடங்கிவிடும். எதிர்ப்பின்னூட்டலுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் உயிரியலில் அதிகமில்லை.

இந்த வரிசையில் எது பழுதானாலும் நோய் வரும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் சிஎஃப்டிஆரே கெட்டிருப்பதால் பித்தம் தடித்துச் சிறு கான்களை அடைக்கிறது. ஆங்காங்கே ஈரல் தழும்பேறுகிறது. முதன்மைப் பித்தக்கான் அழற்சி நோயில் ஏஈ2 குறைந்திருப்பதைக் காணலாம். கான்களின் உட்சுவரில் இருகாபனேற்று ஒரு காப்புப் படலமாக நின்று பித்த உப்பு கலங்களை அரிக்காமல் பார்க்கிறது, அந்தப் படலம் மெலிந்தால் கலங்கள் சேதமாகின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

மூன்றாவது இடம் வெளியேற்றம். இரவு எட்டு மணிக்கு வெள்ளவத்தையில் ஒருவர் ஒரு முட்டைக் கொத்து சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்துத் தகரச் சத்தம் காதில் விழுந்து மணம் மூக்கில் ஏறும்போதே வேகசு நரம்பு பித்தப்பையை லேசாகச் சுருக்கத் தொடங்கிவிடும். அது சின்ன விஷயம். உண்மையான வேலை கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலை அடையும்போதுதான். முட்டையும் எண்ணெயும் ஓரளவு சமித்து, கொழுப்பமிலங்களும் பெப்ரைட்டுகளும் முன்சிறுகுடலின் ஐ கலங்களைத் தொட்டதும் கொலிசிஸ்டோகைனின் சுரக்கிறது. இனிச் சிசிகே என்றே எழுதுகிறேன். மாச்சத்து அதைத் தூண்டுவது மிகக் குறைவு. ரொட்டியை மட்டும் வெறுமனே சாப்பிட்டிருந்தால் பித்தப்பை பெரிதாக அசையாது.

பித்தப்பையின் கொள்ளளவு 30 முதல் 60 மில்லிலீற்றர். அவ்வளவு சின்னப் பைக்குள் பன்னிரண்டு மணித்தியாலப் பித்தத்தைக்கூட அடக்க முடிவது, அது சோடியத்தையும் நீரையும் உறிஞ்சிப் பித்தத்தை வழமையாக 5 மடங்கும், உச்சமாக 20 மடங்கு வரையும் செறிவாக்குவதால்தான். ஈரற் பித்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 1 கிராம் அளவில் இருக்கும் பித்த உப்பு, பித்தப்பையில் 6 கிராம் அளவுக்கு ஏறும். சிசிகே வந்ததும் பையின் தசை சுருங்குகிறது. அதே நேரம் பொதுப் பித்தக்கானின் வாயிலிலுள்ள ஓடியின் இறுக்கி இளகுகிறது. ஒரே ஓமோன் ஒரு தசையைச் சுருக்கி இன்னொன்றை இளக வைப்பது எப்படி என்று கேட்பார்கள். பித்தப்பையில் அது தசையிலுள்ள வாங்கியையும் வேகசின் நரம்பு முனைகளையும் தூண்டுகிறது. இறுக்கியில் அது தடுப்பு நரம்புகளைத் தூண்டி, அவை நைத்திரிக் ஒட்சைட்டையும் விஐபி என்ற பெப்ரைட்டையும் விடுகின்றன. சாப்பிட்டு அரை மணித்தியாலமளவில் பை நன்றாகச் சுருங்கத் தொடங்கும்; போதிய கொழுப்பு இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் பெரும்பகுதி காலியாகிவிடும். பித்தக்கல் உள்ளவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வலி வருவது இதனால்தான். கல் பையின் கழுத்தில் அடைத்திருக்கும்போது சிசிகே பையை அழுத்துகிறது.

பித்தப்பையைச் சுருக்கும் பொருள் ஒன்று குடலில் இருப்பதைச் சிக்காகோவில் ஐவியும் ஓல்ட்பேர்க்கும் 1928இல் காட்டினார்கள். சதையி நொதியங்களைச் சுரக்க வைக்கும் பொருளொன்றை ஹார்ப்பரும் ரேப்பரும் 1943இல் கண்டு அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒரே பெப்ரைட்டுத்தான் என்பது பிறகு 1960களில் சுவீடனில் யோர்ப்பசும் மூட்டும் அதைத் தூய்மையாக்கியபோது உறுதியாயிற்று. பழைய புத்தகங்களில் பாங்கிரியோசைமின் என்று கண்டால் குழம்பவேண்டாம்.

பரீட்சையில் இரண்டு வரிக்குத்தான் இடமிருக்கிறது என்றால் இப்படி எழுதுங்கள்: செக்கிரெற்றின் பித்தக்கான் கலங்களைத் தூண்டி இருகாபனேற்றும் நீரும் மிகுந்த பித்தச் சுரப்பைக் கூட்டும், கொலிசிஸ்டோகைனின் பித்தப்பையைச் சுருக்கி ஓடியின் இறுக்கியை இளகச் செய்து பித்தத்தை முன்சிறுகுடலுக்குள் வெளியேற்றும். கட்டுரை வினாவென்றால் பித்த உப்பின் சுற்றோட்டத்தையும் சேர்த்துவிடுங்கள்.

தடுக்கும் பக்கத்தில் முதல் ஆள் சோமற்றோசுற்றற்றின் என்ற ஓமோன். அது சிசிகே சுரப்பையும், பித்தப்பைச் சுருக்கத்தையும், கான்களின் சுரப்பையும் ஒருங்கே அடக்கும். அதன் செயற்கை வடிவமான ஒக்ரியோரைட்டு ஊசியை மாதக்கணக்கில் போடுபவர்களுக்குப் பித்தக்கல் வருவது சாதாரணம்; தொடங்கும்போதே ஒரு ஸ்கான் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நீரிழிவுக்கும் எடை குறைக்கவும் இப்போது கொழும்பில் பலர் போடும் செமகுளுட்டைட்டு வகை ஊசிகளும் பித்தப்பையின் அசைவை மந்தமாக்கும். எடை வேகமாக இறங்குவதும் கூடச் சேர்ந்துகொள்ளும். அந்த ஊசி போடுபவருக்கு வலது விலாவின் கீழ் வலி வந்தால் காஸ்ட்ரிக் என்று சொல்லி ஒதுக்கக்கூடாது. தைரொயிட் சுரப்புக் குறைந்தவர்களில் ஓடியின் இறுக்கி இளகுவது மந்தமாகிறது, குருதிக் கொலெஸ்திரோலும் ஏறுகிறது. இரண்டும் கல்லுக்குத் துணைபோகின்றன. குளுக்ககோன் பித்த ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டும், மோட்டிலின் சாப்பாடுகளுக்கிடையில் பையை இடையிடையே அரைகுறையாகக் காலி செய்யும். அன்றாட வாழ்க்கையில் இவற்றைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

எடை குறைப்பு பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஓமோனே வராத நிலையைச் சிலர் தாங்களாகவே உண்டாக்கிக்கொள்கிறார்கள். கொழுப்பை அறவே நிறுத்தினால் சிசிகே வராது. பித்தம் பையிலேயே கிடந்து தடிக்கும். மறுபக்கம், கரையும் உடற்கொழுப்பிலிருந்து கொலெஸ்திரோல் பித்தத்துக்குள் கொட்டும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்குபவர்களில் கல் உருவாகும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. நாளில் ஒரு வேளையாவது 10 கிராமளவு கொழுப்பை ஒரே தடவையில் சாப்பிட்டால் பை முறையாகக் காலியாகும். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் 9 கிராம் இருக்கிறது. எந்த எண்ணெய் என்பதும் கணக்கு: 12 காபனும் அதற்கு மேலும் நீளமுள்ள கொழுப்பமிலங்கள்தான் சிசிகேயை நன்றாகத் தூண்டும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி 12 காபன் கொண்ட லோரிக் அமிலம், ஆகவே சொதியும் பால்கறியும் கணக்கில் சேரும். உடற்பயிற்சிக்காரர்கள் போத்தலில் வாங்கும் 8, 10 காபன் எண்ணெய்கள் சேராது.

பெண் ஓமோன்களுக்குத் தனி இடம் கொடுக்கவேண்டும். ஈத்திரசன் பித்தத்தில் கொலெஸ்திரோலைக் கூட்டுகிறது. அதன் வளர்சிதைப் பொருட்கள் நுண்கானின் பித்த உப்புப் பம்பையும் தடுக்கின்றன. புரொஜெஸ்தரோன் பித்தப்பைத் தசையைத் தளர்த்துகிறது, அதனால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் சாப்பிட்ட பிறகும் பையில் மிஞ்சிக் கிடக்கும் பித்தம் கூடுகிறது. கர்ப்பிணிகளிலும், பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய மாதங்களிலும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களிலும் கல் கூடுதலாகக் காணப்படுவது இதனால். சிலரில் பம்பு பரம்பரையாகவே கொஞ்சம் பலவீனமாக இருக்கும். அவர்களுக்குக் கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும், முக்கியமாக இரவில், தாங்க முடியாமல் கடிக்கும். தோலில் தடிப்பு இருக்காது. அப்படி என்றால் பூச்சு மருந்து தேடாமல் அடுத்த கிளினிக் நாளுக்கும் காத்திராமல் மிட்வைஃபுக்கோ வைத்தியருக்கோ சொல்லவேண்டும். காசல் வீதி, டி சொய்சா போன்ற மகப்பேற்று மருத்துவமனைகளில் காட்டலாம். குருதியில் பித்த அமிலம் லீற்றருக்கு 19 மைக்ரோமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலப் பித்தத் தேக்கம் என்று எடுக்கிறார்கள். 40ஐத் தொட்டால் நடுத்தரம். 100 அல்லது அதற்கு மேல் என்றால் வயிற்றிலேயே பிள்ளை இறக்கும் ஆபத்துக் கூடுவதால் பிரசவத்தை முன்தள்ளுவது பற்றி யோசிப்பார்கள். உர்சோடிஒக்சிகோலிக் அமிலம் கொடுப்பது வழக்கமாக இருந்தாலும், 2019இல் வெளியான பெரிய பிரித்தானியப் பரிசோதனையில் அது பிள்ளைக்கு வரும் பாதிப்புகளைக் குறைக்கவில்லை. பித்த உப்பு அளவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் உண்மையான கவனிப்பு.

சிசிகேயின் வேலையைக் கண்ணால் பார்க்க விரும்பினால் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கானே போதும். 6 முதல் 8 மணித்தியாலம் வெறுவயிறு. தண்ணீர் குடிக்கலாம், பால்தேத்தண்ணி கூடாது, ஏனென்றால் பாலின் கொழுப்பே சிசிகேயைக் கொண்டுவந்துவிடும். கோப்பியும் அப்படித்தான், பாலில்லாத கோப்பிகூட. சுருங்கிய பையின் சுவர் தடித்துத் தெரியும். அழற்சி என்று தவறாக அறிக்கை எழுதப்படுவது பல தடவை இப்படித்தான். வெறுவயிற்றில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் கொள்ளளவு வரும். 7, 3, 3 சென்ரிமீற்றர் என்றால் 33 மில்லிலீற்றர். கொழுப்புள்ள உணவு கொடுத்து 45 முதல் 60 நிமிடம் கழித்து மறுபடி அளக்கும்போது 4.5, 2, 2 என்றால் 9 மில்லிலீற்றர். 33இல் 24 போயிருக்கிறது: 70 சதவீதத்துக்கு மேல், நல்ல சுருக்கம். அணுமருத்துவ ஸ்கானில் சிசிகேயின் 8 அமினோவமிலத் துண்டை ஊசியாக ஒரு மணித்தியாலம் மெதுவாக ஏற்றிப் பார்க்கும்போது 38 சதவீதத்துக்குக் குறைந்தால் சுருக்கம் போதாது என்பார்கள். ஊசியை மூன்று நிமிடத்தில் வேகமாக ஏற்றினால் நலமான பித்தப்பைகூடப் பிடித்துக்கொண்டு குறைந்த எண்ணையும் வயிற்று நோவையும் காட்டும். அறிக்கையில் எவ்வளவு நேரம் ஏற்றினார்கள் என்று பார்க்காமல் அறுவைக்குச் சம்மதிக்கவேண்டாம்.

இனி அம்மா. பித்தப்பை போனதால் ஈரலின் சுரப்பில் ஒன்றும் குறையவில்லை. செக்கிரெற்றின் முன்பு போலவே கான்களில் வேலைசெய்கிறது. சிசிகேக்குச் சுருக்கப் பை இல்லை, ஆனால் ஓடியின் இறுக்கியை இளக வைப்பதும் சதையி நொதியங்களைச் சுரக்க வைப்பதும் அதன் வேலையாகவே இருக்கின்றன. மாறியது ஒன்றுதான்: செறிவான பித்தம் ஒரே தடவையில் வருவதற்குப் பதிலாக நீர்த்த பித்தம் சிறிது சிறிதாக இரவு பகலாக வடிகிறது. மொட்டைமாடித் தாங்கி இல்லாத வீட்டுக்கு நேரே குழாயில் தண்ணீர் வருவது மாதிரி. தண்ணீர் வரும், ஒரே நேரத்தில் நிறையத் திறக்க முடியாது. ஆகவே அவர் எண்ணெயை வாழ்நாள் முழுக்க ஒதுக்கத் தேவையில்லை. முதல் சில வாரங்களுக்குக் கொழுப்பைக் குறைத்து, ஒரே வேளை பெருஞ்சாப்பாட்டைச் சிறு சாப்பாடுகளாகப் பிரித்து, பிறகு மெல்ல மெல்ல வழமைக்கு வரலாம். பிரியாணியும் வட்டிலப்பமும் ஒரே மேசையில் வரும் கலியாண வீடுகளில் மட்டும் கொஞ்சம் நிதானம்.

சிலருக்குச் சாப்பிட்டவுடன் மலங்கழிக்க ஓட வைக்கும் வயிற்றோட்டம் தங்கிவிடும். பித்த உப்பு ஓய்வின்றிச் சுற்றுவதால் அதில் கூடுதலான பங்கு பெருங்குடலுக்குள் தப்பிப்போவதே காரணம். வைத்தியர் கொலெஸ்திரமீன் தூளை நாளுக்கு ஒரு 4 கிராம் பைக்கற்றில் தொடங்குவார். அதைத் தண்ணீரில் அல்லது ஜூசில் நன்றாகக் கலக்கிக் குடிக்கவேண்டும். வெறும் தூளாக வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். அது மற்ற மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் தைரொக்சின், வார்பரின், டிஜொக்சின் போன்றவற்றைத் தூளுக்கு ஒரு மணித்தியாலம் முன்பாக அல்லது 4 முதல் 6 மணித்தியாலம் கழித்தே எடுக்கவேண்டும். அம்மா காலையில் தைரொக்சின் எடுப்பவராக இருந்தால் தூளை மத்தியானத்துக்குத் தள்ளிவிடுவது சுலபமான வழி. நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சளாதல், வலது மேல்வயிற்று நோவு மூன்றும் சேர்ந்து வந்தால் அது வயிற்றோட்ட விஷயமல்ல, பொதுக்கானில் தங்கிய கல்லாக இருக்கலாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும்.